மாற்றி வைத்த கொடி

அத்தானின் தோணியையும் வலையையும் சுனாமி கொண்டுபோன பிறகு, அக்கா தன் தாலிக்கொடியைக் கழற்றி மட்டக்களப்பு நகரத்து அடகுக்கடை ஒன்றில் வைத்தாள். புதுத் தோணி வந்தது. அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. ஒரு வருடத்தில் மீட்டுவிடலாம் என்றார்கள்.

அதற்குள் நாட்டில் சண்டை முற்றிவிட்டது. கடலுக்குப் போகத் தடை, வாவிக்குப் போக நேரக்கட்டுப்பாடு. கொடியை மீட்பது இருக்கட்டும், வட்டி கட்டவே வழியில்லை. கடைக்காரர் இனிக்க இனிக்க ஒரு வழி சொன்னார். பவுன் விலை ஏறியிருக்கிறதாம், அடகுத் துண்டை மாற்றி வைக்கலாமாம். பழைய முதலோடு வட்டியையும் சேர்த்துப் புது முதலாக எழுதுவார், மேலே கொஞ்சம் காசும் கையில் தருவார்.

அக்கா சிரித்துக்கொண்டு வந்தாள். "கொடியே தன்ட வட்டியக் கட்டிப்போட்டு நமக்கும் காசு தந்திரிக்கி, புள்ள!"

அந்தக் காசை மகளின் பெயரில் வங்கியில் போட்டாள். அங்கேயும் வட்டி வரும் என்று அவளுக்குப் பெருமை வேறு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் தன்னாமுனைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள்.

"ரெண்டு இடத்திலயும் வட்டி குட்டி போடுது, அக்கா. வங்கியில போடுறது எலிக்குட்டி. கடையில போடுறது ஆனைக்குட்டி."

"மறுகா என்ன செய்யச் சொல்றாய்? நீ மீட்டுத் தாறியா?"

என் சம்பளம் இடிந்த வீட்டைக் கட்டிய கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. வருடா வருடம் துண்டு மாறியது. எல்லாம் தெரிந்தும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சண்டை முடிந்து கடல் திறந்தது. அத்தான் ராப்பகலாக உழைத்து, முதன்முதலில் கொடிக்கு வாங்கிய தொகையைச் சேர்த்தார். மகளின் சேமிப்பையும் எடுத்தார்கள். கொடியை மீட்டு அப்படியே கோயிலில் வைத்துப் போட்டுக்கொள்வதென்று, அக்கா பூத்தட்டோடு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடைக்காரர் காசை எண்ணினார். "இது பாதிதான் அம்மா."

"நாங்க வாங்கினது இவ்வளவுதானே?"

"வாங்கினது அவ்வளவுதான். கட்டாத வட்டியெல்லாம் இப்ப முதலாகிட்டு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ டீச்சர்தானே, பாத்துச் சொல்லு புள்ள. இவர் பிழையாத்தானே சொல்றார்?"

துண்டின் பின்பக்கத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு கணக்கு பிழையாக இருக்க வேண்டுமென்று வாழ்க்கையில் அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன்.

"சரியாத்தான் இரிக்கி, அக்கா."

அவள் பூத்தட்டை என் கையில் தந்தாள். கயிற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள்.

"இந்தக் காசக் கட்டுறன்," என்றாள் கடைக்காரரிடம். "மிச்சத்துக்குத் துண்ட மாத்தி வையுங்க."