ஏகாம்பரத்தின் மைக்செட்டும் என் மகளின் எதிரொலியும்

2008 ஆடி மாதம் உத்திரமேரூர் பக்கம் போனது சாமி கும்பிட மட்டுமல்ல. என் மகள் கலை சாக்ஸபோன் வாசிக்கும் குழுவுக்கு, என் வீட்டுக்காரரின் சொந்த ஊரில் அம்மன் திருவிழாக் கச்சேரி. "எங்க ஊர் ஜனம் உட்கார்ந்து கேட்டா வாசிக்கட்டும். இல்லைன்னா பேங்க் பரீட்சைக்குப் படிக்கட்டும்" என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயில் ஏழு ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூருக்கு பஸ் பன்னிரண்டு; முப்பது கிலோமீட்டரை டிரைவர் ஒன்றேகால் மணி நேரம் உருட்டினான். திருப்புலிவனத்து ஈசனிடம் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டு, அவரும் கூட வர, ஊருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

கலையின் குழு வாசிப்பது எத்தியோப்பிய ஜாஸும் டப்பும் கலந்தது. ஐந்தே சுரத்தில் சுழலும். என் காதுக்கு மோகனம் மாதிரி இருக்கும். டப் என்றால், ஒரு சத்தத்தை எதிரொலியாகத் தேயவிட்டு அதிலேயே பாட்டை நடத்துவது. அதற்கென்றே ஒரு மிஷினைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அந்த எதிரொலி இல்லாவிட்டால் உப்பில்லாத கூழ்தான்.

மைக்செட் ஏகாம்பரம் அதைத்தான் பிடுங்கினார். எதிரொலி கிளம்பும்போதெல்லாம் குமிழைத் திருகி அடக்கினார். பாட்டு நொண்டியது. கூட்டத்தில் பாதி எழுந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"இன்னாம்மா பண்றது? சத்தம் திரும்பித் திரும்பி வருது. செட்டு பேஜாராகீதுன்னு என்னைத்தான் துப்புவாங்க."

"ரிப்பேர் இல்லப்பா, பாட்டே அதுதான்."

"டேய் ஏகாம்பரம், செட்டை சரி பண்ணுடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"கேட்டுக்கினியா? என் பேரு நாறுது. நீ போய் ஒக்காரு."

"விழாத் தலைவர் பேரைச் சொன்னப்போ 'அவர்களே, அவர்களே'ன்னு மூணு தரம் திரும்பி வந்துதே! அது மட்டும் ரிப்பேர் இல்லையா? அது நீயே வெச்சதுதானே?"

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஏகாம்பரம் முறைத்தபடி கையை எடுத்தார். கடைசிப் பாட்டு முடியும்வரை அந்தக் குமிழின் பக்கத்திலேயே காவல் நின்றேன்.

அப்போதுதான் கலையின் சாக்ஸபோன் ஏரிக்கரைவரை போய்த் திரும்பியது. மேடையோரம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். மேடை மைக் அதையும் வாங்கி, எதிரொலியாக அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. எழுந்துபோனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்ததும் தலைவர் மேடையேறி, "பட்டணத்துப் பசங்க கொண்டாந்த ஓட்டை மிஷினைச் சரி பண்ணின" ஏகாம்பரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். ஊரே கைதட்டியது. என் மகளுக்கு ஒரு சோடாகூட இல்லை.

இப்படிக் குழுவை அழைத்துப் போகிறவர்களே, ஊரில் இறங்கியதும் மைக்செட்காரரை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். விழாக் கமிட்டியிடம் பேசுவது வெட்டிவேலை. செங்கல்பட்டுக்குக் கடைசி பஸ் எப்போது என்று போகும்போதே கேட்டுவையுங்கள்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பொன்னாடைக்கு என் வீட்டுக்காரர் கைதட்டவில்லை. தலைவர் தனக்கு நீட்டிய சோடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாக்ஸபோன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.