சின்ன வெடி

சனிக்கிழமை மத்தியானங்களில் சிஞ்ஞோராவின் கைப்பையிலிருந்து கருகல் நெடியும் எண்ணெய் வாசமும் கலந்து வரும். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அவர் கை கழுவப் போனால், அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்துவிடுவார். இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோத் தெருப் பக்கம், மூன்றாம் மாடி வீடு அது. கணவனை இழந்த, எழுபதைத் தாண்டிய அந்த அம்மையாரின் வீட்டில் என் அம்மா கூட்டித் துடைத்துச் சமைத்தார். பள்ளி இல்லாத நாட்களில் பத்து வயதான நானும் கூடப் போவேன். மன்னாரிலிருந்து வந்து இரண்டு வருடமாகியும் அம்மாவின் இத்தாலியன் "சி, சிஞ்ஞோரா", அதாவது "சரி, அம்மணி" என்பதைத் தாண்டாததால், நான்தான் அவருக்கு வாய்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, துடைப்பதற்காக அலுமாரி லாச்சியைத் திறந்த அம்மா, உள்ளே ஒரு துவக்கைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். சிஞ்ஞோரா ஓடி வந்து என்னிடம் நீளமாக விளக்கினார்: அது காலமான கணவர் குறிபார்த்துச் சுடுமிடத்துக்குக் கொண்டுபோன "மாக்னும்" ரிவோல்வர், இப்போது உரிமம் எடுத்துச் சனிக்கிழமைதோறும் தானே கொண்டுபோகிறார், அதற்குரிய நீளத் தோட்டா உதைக்கிற உதையை மணிக்கட்டு தாங்காததால், அதே பருமனில் நீளம் குறைந்த, மெதுவான தோட்டாவைத்தான் போடுகிறார், பயப்பட வேண்டாம். இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் சுருக்கினேன்.

"சின்ன வெடிதானாம், அம்மா."

அம்மாவின் காதில் அது "சீனவெடி" என்று விழுந்தது, ஊரில் பாலன் பிறக்கிற நத்தாருக்குக் கொளுத்துகிற பட்டாசு. "இந்த வயசிலை சீனவெடி விடுறாவோ? ஒரு விளையாட்டுத் துவக்குக்குப் போய் இப்பிடிப் பயந்திட்டன்," என்று சிரிக்கத் தொடங்கிவிட்டார். புனிதர் திருநாள் வந்தால் தெருவெல்லாம் வெடி கொளுத்துகிற நகரம் இது. அவர் நம்பியதில் வியப்பில்லை.

நான் திருத்தவில்லை. அம்மாவின் தம்பியை, என் மாமாவை, கடற்கரையில் வைத்துச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். உண்மை தெரிந்தால் அம்மா அந்த வீட்டில் ஒரு நிமிடம் நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் "பெர்மெஸ்ஸோ" என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கமாட்டார்கள், திரும்பிப் போகவேண்டியதுதான் என்று அப்பா குசினிக்குள் சொன்னதும் தெரியும். "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது" என்பது அம்மா ஓயாமல் சொல்கிற பழமொழி. அந்த வருடம் எங்கள் வீட்டில் போசனம் கிடைத்ததே அந்த வாயால்தான். அதை நினைத்து நான் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

பிறகு கீழ்மாடி வீட்டில் கள்ளர் புகுந்தார்கள். இனிப் பெரிய தோட்டாவைத்தான் போட்டு வைப்பேன் என்று சிஞ்ஞோரா ரிவோல்வரை மேசைக்குக் கொண்டுவந்தார். தோட்டா போடுகிற துளைக்குள் நீளத் தோட்டா முழுதும் இறங்காமல் நின்றுவிட்டது. வருடக்கணக்காகக் குட்டைத் தோட்டாவே வெடித்ததில், அது முடிகிற இடத்துக்கு அப்பால் துளைக்குள் கரி வளையமாகப் படிந்து இறுகியிருந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கிய சிஞ்ஞோரா, ஒரு சின்னப் பித்தளைத் தூரிகையை அம்மாவிடம் கொடுத்து, ஆறு துளைகளையும் தேய்த்துவிடச் சொல்லும்படி என்னைப் பார்த்தார். அம்மாவோ மேசையில் உருண்ட தோட்டாவை எடுத்து, அதன் ஈய முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னடி இது?"

"உண்மைத் துவக்கு, அம்மா."

"முந்தியும்?"

"ஓம்."

அம்மா தூரிகையைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. "சிஞ்ஞோரா, இயோ நோ. மியோ ஃப்ரத்தெல்லோ. பிஸ்தோலா. மோர்த்தோ," என்றார். நான் மாட்டேன், என் சகோதரன், துவக்கு, செத்தவன். எங்கே பொறுக்கி வைத்திருந்தாரோ அந்தச் சொற்களை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சிஞ்ஞோரா ரிவோல்வரை எடுத்துப்போய் லாச்சியில் பூட்டினார். அடுத்த சனிக்கிழமை, அதைப் பொலிசிடம் ஒப்படைத்துவிட்டதாக, அம்மாவிடமே நேராக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

வேலை தப்பியது. ஆனால் உண்மை தெரிந்த அன்றே, வீடு திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டார்.

"தெரிஞ்சுதான் சொன்னியோ?"

"தெரிஞ்சுதான்."

"சரி. இனி நான் கதைச்சுக்கொள்ளுறன்."

திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அந்த மாதமே கோயில் மண்டபத்து இத்தாலியன் வகுப்பில் சேர்ந்தார்.

சிஞ்ஞோரா இறந்து, அந்த வீடு இப்போது சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்குப் போகிறது. அம்மாவுக்கு நான் வாயாக இருந்த காலமும் போய்விட்டது. அதைப் போக்கியது நான்தான் என்பது இன்னும் வலிக்கிறது. போன மாதம் ஆஸ்பத்திரியில், அம்மாவின் பரிசோதனை முடிவை வைத்திருந்த வைத்தியர், வழக்கம்போல இளையவளான என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். "என்னிடம் சொல்லுங்கள்," என்று அம்மா பிசகில்லாத இத்தாலியனில் இடைமறித்தார். வைத்தியர் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டு முடித்தார். பிறகு என் கையைப் பிடித்து, எனக்கு அந்த மொழியே தெரியாததுபோல, வைத்தியர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் தமிழில் எனக்குச் சொன்னார்.