முனிலட்சுமி பார்த்த செவலை நாய்

முனிலட்சுமி ஓசூரில் ஒரு மின்சாதனக் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவள். அங்கே பாத்ரூம் போகக்கூட கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். காண்ட்ராக்ட் முடிந்து அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் தேன்கனிக்கோட்டை ரோட்டில், அவள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்த விமானத் தளத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டாள்.

சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்திய சங்கத்தின் தளம் அது. முக்கால்வாசிப் பேர் பெங்களூருக்காரர்கள். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு கூடுவார்கள். மைசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும்கூட இரண்டு பேர், நாலு பேர் உட்காரும் விமானங்கள் வந்து இறங்கும். காலையில் பயிற்சி. மதியம் ஷாமியானாவுக்குக் கீழே பிரியாணி, பிள்ளைகளின் ஓட்டம், விமானத்தின் மேல் சாய்ந்துகொண்டு போட்டோ.

முனிலட்சுமியின் வேலை ஓடுபாதையைப் பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு விமானமும் இறங்குவதற்கு முன்னால் மொபெட்டில் ஒரு சுற்று போய், மாடு, நாய், மயில் எது இருந்தாலும் விரட்டிவிட்டு, வாக்கிடாக்கியில் "ரன்வே கிளியர்" என்று சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் விமானம் இறங்கும். முதல் நாள் அப்படி ஒன்று இறங்கியபோது மொபெட்டை நிறுத்திவிட்டு, அது ஓடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவரை அவள் வார்த்தைக்காக யாரும் காத்திருந்ததில்லை.

அங்கே அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே உறுப்பினர் கிரிதர். பெங்களூர் பீன்யாவில் பட்டறை வைத்திருப்பவர். வந்தால், "லட்சுமி, பொண்ணு சுவாதி எப்படிப் படிக்கிறா?" என்பார். ஒருநாள் கூட்டம் கலைந்தபின் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மேலே ஒரு சுற்று கூட்டிப் போனார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு திறந்து பார்த்தபோது தக்காளித் தோட்டங்களும், அவள் வீட்டுத் தகரக் கூரையும், தூரத்தில் காட்டின் விளிம்பும் தெரிந்தன. அன்றைக்கு ராயக்கோட்டை மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு டெம்போவோடு திரும்பிய புருஷன் மணிவேலிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போன வருஷம் ஆடி மாதப் பயிற்சியில்தான் அது நடந்தது. இன்ஜின் நின்றுபோனால் எப்படி இறங்குவது என்று, தளத்தில் சம்பளத்துக்குப் பயிற்சி கொடுக்கும் அதீப் சொல்லிக்கொடுத்தான். ஓசூர் பையன், அப்பா பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பயிற்சி முடிந்து எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் கிரிதர் தனியாக இன்னொரு சுற்று கிளம்பினார். அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். அதீப் ரேடியோவில், "சார், காத்து மாறிடுச்சு, அந்தப் பக்கத்துலருந்து வாங்க" என்றான்.

"பரவால்ல, பார்த்துக்கறேன்" என்றார் கிரிதர்.

முனிலட்சுமி பாதையைச் சுற்றிப் பார்த்துவிட்டு "கிளியர்" சொன்னாள். விமானம் பின்காற்றோடு வேகமாக வந்தது, பாதி தூரம் தாண்டித்தான் தரையைத் தொட்டது, பாதை முடிந்தும் நிற்காமல் பள்ளத்தில் மூக்கு குத்தி நின்றது.

முதலில் போய்ச் சேர்ந்தவள் அவள்தான். கிரிதருக்கு நெற்றியில் சின்னக் காயம். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லட்சுமி, ஒரு நாய் குறுக்க வந்துச்சு இல்ல?"

"இல்லீங்க சார், எதுவும் வரல."

"வந்துச்சு. உன்னத்தான் கேப்பாங்க. என் தப்புன்னா லைசென்ஸ் போயிடும். நாய்னா யார் மேலயும் தப்பில்ல. நாய்தானே."

தன் கையை விடாமல் பிடித்திருந்த அந்த மனிதரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. "சரிங்க சார்" என்றாள்.

ஷாமியானாவிலேயே விசாரித்தார்கள். சங்கத் தலைவர் பிரியாணித் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டார். நாய் வந்தது என்றாள்.

"என்ன கலர்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. "செவலைங்க" என்று வாயில் வந்தது.

"கிளியர்னு நீதானே சொன்னே? நாய் இருக்கும்போது எப்படிச் சொன்னே? ஒரு உயிர் போயிருந்தா?"

அவள் கிரிதரைப் பார்த்தாள். அவர் நெற்றிப் பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதீப்பைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது. கடைசியில் கிரிதர் வாயைத் திறந்தார். "திட்டாதீங்க, பாவம். ஆனா சேஃப்டினு ஒண்ணு இருக்கு."

அன்று சாயங்காலமே வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. அந்த வாரமே சங்கம் சொல்லி ஒரு வண்டி வந்து ஊர் நாய்களைச் சுருக்குப் போட்டுப் பிடித்தது. பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் தன் ஆட்டுப்பட்டிக்குக் காவலாக ஒரு நாய் வளர்த்தாள். அது செவலை. அதையும் ஏற்றிவிட்டார்கள். வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தாள். "செவலையைத்தான் முதல்ல பிடிக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்களாம் வண்டிக்காரர்கள்.

வெங்கடம்மாள் நேராக முனிலட்சுமி வீட்டுக்கு வந்தாள். "என் நாயி பட்டிய விட்டு அசையாது. உனக்குத் தெரியாதா? அதுவா வந்துச்சு? சொல்லுடி."

அவள் போனபிறகு முனிலட்சுமி கிரிதருக்குப் போன் போட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம் சார் என்றாள்.

"இப்பப் போய் சொன்னா, அன்னிக்கு நீ பொய் சொன்னேன்னு ஆகும் லட்சுமி. உனக்குத்தான் கெட்ட பேரு" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவள் போனை அவர் எடுக்கவே இல்லை.

அடுத்த கூட்டத்தன்று உண்மையைச் சொல்லத் தளத்தின் கேட்டுக்குப் போனாள். புது செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அதீப் வெளியே வந்தான். நாயே வரவில்லை என்று அவனிடம் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்க்கா. காத்து மாறினத நான்தானே சொன்னேன்."

"அப்ப ஏன்ப்பா அன்னிக்கு வாயத் தொறக்கல?"

"நீங்களே நாய்னு சொல்லிட்டீங்களே. நீங்க இல்லைன்னு சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

அவன் சொல்லியிருப்பானா என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே யாரோ கூப்பிட்டதும், "வரேங்க்கா" என்று வேகமாகப் போய்விட்டான். அவனுக்கும் அங்கேதான் பிழைப்பு.

திரும்பும் வழியில் வெங்கடம்மாள் பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முனிலட்சுமி படலைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நாயே வரவில்லை, கலர் கேட்டார்கள், வாயில் வந்ததைச் சொன்னேன் என்றாள்.

வெங்கடம்மாள் விளக்குமாறைக் கீழே போட்டாள். "வராத நாய்க்கு என் நாய் கலரக் குடுத்தியா? அந்தாளு மானத்தக் காப்பாத்த உனக்கு என் பட்டிதான் கெடச்சுதா?"

"தெரியாம சொல்லிட்டன்க்கா."

"அவன் உன்ன ஆகாசத்துல சுத்திக் காட்டினான். நான் என்னா காட்டினேன் உனக்கு? போ, இங்க நிக்காத."

மணிவேலும் வீட்டில் இதைத்தான் வேறு மாதிரி சொன்னான். ஒரு சுற்று சுற்றியதற்கு இவ்வளவு விசுவாசமா என்று கேட்டான். அவள் கோபப்படவில்லை.

தை மாதத்தில் பட்டியிலிருந்து ஆடுகள் காணாமல் போயின. சிறுத்தை என்றார்கள் சிலர், திருடர்கள் என்றார்கள் சிலர். மிச்சத்தை விற்றுவிட்டு வெங்கடம்மாள் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது தெருவில் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டாள், முனிலட்சுமி வீட்டைத் தவிர.

கிரிதரின் விமானம் ரிப்பேராகி வந்துவிட்டது. இந்த வருஷம் சங்கத்தில் அவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். முனிலட்சுமி ஓசூரில் ஷூ கம்பெனி ஒன்றில் பேக்கிங்கில் இருக்கிறாள். அங்கேயும் கையைத் தூக்கித்தான் கேட்க வேண்டும். முன்பு எங்கே வேலை செய்தாய் என்று கேட்கிறவர்களிடம், வீட்டில் சும்மா இருந்தேன் என்கிறாள்.