பின்வாசல் ஷெர்லின்

முகர்ந்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்வார். கைத்துப்பாக்கி போன்ற ஸ்கேனர் வலது கையில் தயாராக இருக்கும். இடது கை நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கி மூக்கருகே கொண்டுவரும். ஒரு மூச்சு இழுத்த பிறகே பெட்டியின் ஒட்டுவில்லைமீது சிவப்பு ஒளி விழும். "டீசல்" என்பார், பெட்டி ஒரு பக்கம் போகும். "கூலண்ட்" என்பார், மறுபக்கம் போகும். "யாரோ இதுல குஸ்கா துன்னுக்கிறான்" என்று மூன்றாவதைக் காலால் தள்ளி வைப்பார். எந்தப் பெட்டிக்கு வெந்நீர், எதற்கு வெறும் சோப்புத் தண்ணீர் என்பது இவ்வாறு முடிவாகும்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் பெட்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் ஷெர்லின் வேலை பார்க்கிறார். கார் உதிரிபாகங்கள் முன்பெல்லாம் அட்டைப் பெட்டிகளில் போயின; ஒருமுறை போய்ச் சேர்ந்ததும் அட்டை குப்பைக்குப் போகும். இப்போது இந்த நீலப் பெட்டிகள் முன்வாசல் வழியாகச் சரக்கு ஏற்றப் புறப்பட்டு, இறக்கிய பின் பின்வாசலுக்குத் திரும்புகின்றன. கழுவப்பட்டு மறுபடியும் கிளம்புகின்றன. முன்வாசலில் வேறொருவர். பின்வாசல் ஷெர்லினுடையது.

படப்பையில் பிறந்து, படப்பையிலேயே வாழ்க்கைப்பட்டவர். நாற்பதைத் தொட்டிருக்கிறார். கட்டையான உடல், கணீரென்ற குரல். பாதுகாப்புக் காலணியில் ஒரு கயிறு கறுப்பு, மற்றது வெள்ளை. கேட்டால், கால் இரண்டும் ஒன்றாகத்தானே நடக்கிறது என்பார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். சண்டையைப் பாதியில் விட்டுவரத் தெரியாது. கேன்டீனில் ரசம் ஊற்றுபவரோடு பொங்கலுக்கு முன் தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. அவரிடம் ரசம் வாங்குவதில்லை, ஆனால் தினமும் அவர் எதிரில் போய் நின்று, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறார்.

அந்த மூக்கு தவறாத மூக்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஒருமுறை லாரி நிறைய வந்த பெட்டிகளை எண்ணெய்க் கசிவு என்று ஒதுக்கி, எல்லாவற்றுக்கும் வெந்நீர் ஏற்பாடு செய்துவிட்டார். பாதி கழுவிய பிறகுதான் தெரிந்தது, மணம் பெட்டியினுடையதல்ல. பக்கத்தில் நின்று இறக்கிக் கொடுத்த ஓட்டுநர் அன்று தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். அந்த ஓட்டுநர் இசக்கியப்பன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இன்றும் பின்வாசலுக்கு வந்தால் தலையைக் குனிந்து காட்டி, "யக்கா, இன்னைக்கு ஒண்ணுந் தேய்க்கல, பாத்துக்கிடுங்க" என்பார்.

சென்ற ஆண்டு ஒரு மென்பொருள் வந்தது. ஒவ்வொரு பெட்டியும் எத்தனை சுற்றுப் போய்வந்தது, எங்கே உடைந்தது, கழுவத் தண்ணீர் எவ்வளவு, வாடகை எவ்வளவு, எத்தனை அட்டைப் பெட்டிகள் குப்பைக்குப் போகாமல் மிஞ்சின என்று எல்லாவற்றையும் அது ஒரே இடத்தில் வைத்திருக்கும். பின்வாசலில் ஸ்கேன் ஆனதும் திரையில் ஒரு பச்சை வட்டம் முழுமையாகும். ஒரு சுற்று முடிந்தது என்று பொருள். பெட்டிகளை வாடகைக்கு எடுக்கும் கார் கம்பெனியும் தன் அலுவலகத்திலிருந்து அதே திரையைப் பார்க்கலாம். ஷெர்லின் மென்பொருளை 'ஐயா' என்றே சொல்வார். "ஐயா இன்னிக்கு மெதுவா கீறாரு." "ஐயாவுக்கு நெட்டு இல்ல, பட்டினி." கேலிதான். ஆனாலும் பச்சை வட்டம் மூடும்வரை அடுத்த பெட்டியைத் தொடமாட்டார்.

அவர் ஒப்பந்தத் தொழிலாளி. கழுத்தில் மஞ்சள் பட்டை. நிரந்தரமானவர்களுக்கு நீலப் பட்டை. அவர்களுக்குக் கம்பெனிப் பேருந்து உண்டு, மஞ்சளுக்கு ஷேர் ஆட்டோ. பல ஆண்டு இழுத்தடித்த பின், இந்த மார்ச் முடிவில் அவரை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆணை தயாராகி, மேலாளர் மணிகண்டபிரபுவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அந்த மார்ச்சின் கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், இசக்கியப்பனின் லாரி பின்வாசலில் வந்து நின்றது. ஷெர்லின் முதல் பெட்டியை முகர்ந்தார். தங்கள் கழுவுமிடத்துச் சோப்பு மணந்தது. வேறு எதுவும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. கவிழ்த்தால் தண்ணீர் சொட்டியது. எந்தத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு வருகிறாய் என்று கேட்டார். எங்கும் இறக்கவில்லை என்றார் இசக்கியப்பன். முன்வாசலில் காலிப் பெட்டிகளை ஏற்றினார்கள், சேரப்பணஞ்சேரி வளைவுவரை போய் டீ குடித்துவிட்டுப் பின்வாசலுக்கு வரச் சொன்னார்கள்.

"போன்னு சொன்னாவ, போனேன். வான்னு சொன்னாவ, வந்தேன். டீ நல்லாத்தான் இருந்திச்சு."

ஷெர்லின் ஸ்கேனரைக் கீழே வைத்தார்.

சிறிது நேரத்தில் மணிகண்டபிரபு வந்தார். கெட்ட மனிதர் அல்லர். பெட்டிகள் பல திரும்பி வருவதில்லை. டீக்கடையில் இருக்கையாகின்றன, மனை போட்ட இடங்களில் சிமென்ட் சுமக்கின்றன. திரும்பும் விகிதம் குறைந்தால் கார் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காது. புதுப்பிக்காவிட்டால் முதலில் வெளியே போவது மஞ்சள் பட்டைகள்தான். இந்தக் காலிப் பெட்டிகள் இன்னும் சில சுற்றுப் போய்வந்தால் விகிதம் நேராகிவிடும், யாருக்கும் நட்டமில்லை. இவ்வளவையும் அவர் பொறுமையாகவே விளக்கினார்.

"இது இன்னா சார், ராட்டினமா? சும்மா குந்திகினு ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றதுக்கு?" என்றார் ஷெர்லின். "பொட்டி வோணும்னா வண்டியக் குடுங்க. பஸ் ஸ்டாண்டாண்ட டீக்கடையில பெஞ்சியே நம்ம பொட்டிதான். நான் போய்ச் சண்ட போட்டு எடுத்தாரேன்."

அதற்கு நேரமில்லை, மாலையில் கணக்கை மூடுகிறார்கள் என்றார் மேலாளர். பிறகு குரலை இறக்கினார்.

"உங்க ஆர்டர் என் டேபிள்லதான் இருக்கு ஷெர்லின். இன்னும் சைன் பண்ணல."

"தெரியும் சார்."

"பின்வாசல்ல உங்க ஐடி மட்டுந்தான் ஓப்பன் ஆகும். வேற ஆளுக்குக் குடுக்கணும்னா ரெண்டு நாள் ஆகும். புரிஞ்சிக்குங்க."

ஷெர்லின் இசக்கியப்பனைப் பார்த்தார். அவர் லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி சார். அடிக்கிறேன்" என்று ஸ்கேனரை எடுத்தார். மணிகண்டபிரபு மூச்சு விட்டு, கைபேசியைத் திறந்தார்.

முதல் பெட்டிமீது சிவப்பு ஒளி விழுந்தது. பெட்டி நல்லதா, கழுவ வேண்டுமா, உடைந்ததா என்று திரை கேட்டது. 'நல்லது' என்பதைத் தொட்டால் பச்சை வட்டம் மூடிவிடும். ஷெர்லினின் விரல் அதைத் தாண்டிக் கீழே போயிற்று. 'வேறு காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தொட்டால் வட்டம் திறந்தே நிற்கும்; எழுதுவது அந்தக் கணமே கார் கம்பெனியின் திரையிலும் தெரியும். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தவரே மணிகண்டபிரபுதான். ஷெர்லின் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: காலியா போச்சு. காலியா வந்துச்சு.

சேமித்தார். அடுத்த பெட்டிக்கும் அதையே முதலிலிருந்து தட்டினார். முந்தைய வரியை எடுத்து ஒட்டும் வசதி அதில் இருக்கிறது. அது அவருக்குத் தெரியும்.

மேலாளர் நிமிர்ந்தது மூன்றாவது பெட்டியின்போது. திரையைப் படித்தார். நிறுத்தச் சொன்னார். அவர் கத்தினார் என்கிறார் இசக்கியப்பன். கத்தவில்லை, கெஞ்சினார் என்கிறார் ஷெர்லின். ஆணையைக் கிழித்துவிடுவேன் என்று அவர் சொன்னதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"கிழிங்க சார். அது உங்க கை. இது என் கை."

மூன்றாவதையும் சேமித்துக் கீழே இறக்கி வைத்தார். இசக்கியப்பன் லாரியின் பின்பலகையருகே, ஏற்றவா இறக்கவா என்று தெரியாமல், ஒரு பெட்டியை மார்போடு அணைத்தபடி மேலாளரைப் பார்த்து நின்றார். ஷெர்லின் யாரையும் பார்க்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்தப் பெட்டிக்காகக் கையைப் பின்னால் நீட்டினார்; ஐந்து விரலும் விரிந்திருந்தன.