நாற்காலியில் உட்கார்ந்த சட்டை

தாராவியில் எங்கள் சந்துக்குள் கேமரா நுழைந்தால் அது சர்வேதான். குடிசையை இடித்துக் கட்டடம் கட்டித் தரப்போகிறோம் என்று வருகிறவர்கள் கதவில் சாக்பீஸால் ஒரு எண்ணை எழுதி, குடும்பத்தையே வாசலில் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். படத்தில் நிற்காதவருக்குப் புது வீட்டில் இடமில்லை என்பது சந்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கேமரா தலை தெரிந்ததுமே மும்ப்ராவில் இருக்கும் மச்சானுக்கும் செம்பூரில் இருக்கும் சித்திக்கும் போன் பறக்கும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் எங்கள் சந்து முழுவதும் கூட்டுக் குடும்பம்.

எனக்கு அப்போது எட்டு வயது. வாப்பா மஸ்கட்டுக்குத் தையல் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் வெள்ளிக்கிழமைதோறும் போன் வந்தது, பிறகு மாதம் ஒருமுறை, பிறகு அதுவும் இல்லை. என் மனசு வாப்பாவைத் தேடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில், சோற்றில் கை வைக்கும்போது, காரணமே இல்லாமல் தேடும். உம்மாவிடம் சொன்னால், "வருவாவ புள்ள, தின்னு" என்பாள்.

ஒரு சனிக்கிழமை, முக்காலியும் பெரிய கேமராவுமாக ஒரு பெண் வந்தாள். நாளைக் காலையில் படம் எடுப்பேன், உங்களுக்கு எது முக்கியமோ அதை வைத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். முக்கியம் என்றால் எங்கள் சந்துக்கு வேறென்ன? மறுநாள் விடிந்ததும் வாசலுக்கு வாசல் ரேஷன் கார்டும் லைட் பில்லும் நெஞ்சோடு அணைத்தபடி ஆட்கள் நின்றார்கள்.

உம்மா பெட்டியைத் திறந்து வாப்பாவின் வான நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். வாப்பா தன் கையால் தைத்துக்கொண்ட முழுக்கைச் சட்டை அது. பையின் மூலையில் சிவப்பு நூலில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். கடைக்குத் தைக்கிற துணியில் அதைப் போட மாட்டார். தனக்கும் எனக்கும் தைப்பதில்தான் போடுவார். என் கவுன் பையிலும் அதே முக்கோணம் உண்டு.

உம்மாவின் தம்பி, என் மாமா, யோசனையில் மன்னர். இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். தொப்பைக்கு மேல் இரண்டு பொத்தான் சேர மறுத்தது.

"நான் மச்சானா நின்னுக்கிடுதேன் லாத்தா. சர்வேக்காரிக்கு என்ன தெரியப் போவுது?"

"கழத்து."

"கணக்குல ஒரு ஆளு விட்டுப் போயிரும், பாத்துக்க."

"அவிய எடத்துல வேற ஆளு நிக்க வேண்டாம்" என்றாள் உம்மா. "சட்டையே இருக்கட்டும்."

பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு, அதன் முதுகுக்குச் சட்டையை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டாள். நான் பக்கத்தில் நின்று, ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பதுபோல் சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் வந்து வரிசையாக நீண்ட லைட் பில்களைப் பார்த்துத் திகைத்துப் போனாள். இது சர்வே இல்லை, கண்காட்சிக்கான படம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சந்து காலியாகிவிட்டது. மும்ப்ரா மச்சான்மார்கள் முணுமுணுத்துக்கொண்டே ரயிலைப் பிடிக்கப் போனார்கள். உம்மா மட்டும் அசையவில்லை. "எடுக்கச் சொல்லு" என்றாள் என்னிடம்.

நாற்காலியில் யார் என்று அந்தப் பெண் கேட்டாள். "வாப்பா. வரப்போகிறார்" என்று ஹிந்தியில் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தை நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் எடுத்தாள்.

சில மாதம் கழித்துக் கண்காட்சிக்கு எங்களைக் கூப்பிட்டாள். கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஏசி கூடம். எங்கள் படம் கதவு உயரத்துக்குத் தொங்கியது. கீழே 'உம்மீத்' என்று எழுதியிருந்தது. நம்பிக்கை என்று அர்த்தம். ஒரு கண்ணாடிக்காரர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். காலிச் சட்டை காத்திருத்தலின் குறியீடாம், சிவப்பு முக்கோணம் துடிக்கும் இதயமாம். "அது மச்சானோட தையல் அடையாளம்னு போய்ச் சொல்லட்டா?" என்று மாமா கிசுகிசுத்தார். எல்லோரும் சட்டையைப் பார்த்தார்கள். உம்மா படத்திலிருந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

கிளம்பும்போது அந்தப் பெண் சின்னதாக ஒரு பிரதி கொடுத்தாள். வாப்பாவுக்கு அனுப்பலாம், இதைப் பார்த்தால் கட்டாயம் வந்துவிடுவார் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உம்மாவும் மாமாவும் கொஞ்ச நாளாகவே தாழ்ந்த குரலில் பேசுவதும், என்னைக் கண்டதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். "லாத்தா, வேண்டாம்" என்றார் மாமா. "இந்த மொவத்த ஒருதரம் பாக்கட்டும்" என்றாள் உம்மா. நான் படத்தின் பின்னால், உம்மாவிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதினேன். 'வாப்பா, இதில் நீங்களும் இருக்கீங்க. சீக்கிரம் வாங்க.'

மறுநாள் உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் வாஷிக்குப் போனாள். பாலத்தில் ரயில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். இதுதான் கடல், வாப்பா இதைத் தாண்டித்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டேஷனிலிருந்து நடந்து ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே தகரத் தபால் பெட்டிகள் வரிசையாக இருந்தன. உம்மா விரலால் எண்களைத் தடவிக்கொண்டே போய், ஒன்றில் கவரைப் போட்டாள். போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

"நம்ம தாராவியில போஸ்டாபீஸ் இல்லையா உம்மா?"

"இங்க போட்டாத்தான் வெரசாப் போவும்."

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். முதல் மாடி ஜன்னல் கம்பியில் துணி காய்ந்தது. ஒரு முழுக்கைச் சட்டை, பக்கத்தில் கைக்குழந்தைக்கான ரோஸ் கவுன். கவுனின் பையில் சிவப்பாக ஒரு முக்கோணம்.

"உம்மா, இங்க பாரு, வாப்பா தையல் மாரியே இருக்கு" என்றேன். வாப்பாவைப் போலவே தைக்கிறவர் ஒருவர் வாஷியிலும் இருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. உம்மா என் கையை வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

கொஞ்ச நாளில் வகுப்பில் டீச்சர் மஸ்கட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். கடலைத் தாண்டிப் போய் வாப்பாவுக்குக் கவர் போட்டது அங்கேதானே, வாஷியில் இருக்கிறது என்றேன். வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டே வந்து உம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு என் கண்ணைத் துடைத்தாள்.

"நீ சொன்னது தப்பில்ல புள்ள. அவ்வளவு தூரந்தான்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. ரயில் ஏறினால் அரை மணி நேரம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறவர் எப்படியும் வந்துவிடுவார் என்று, நாற்காலியை இழுத்து வாசலில் போட்டேன்.