மூவாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டாம் சீட்டு

சோலிங் தபுஹாரா நாற்பத்தாறு வயதுவரை எதைப் பற்றியும் யாரிடமும் கருத்துச் சொன்னதில்லை. அவள் பார்த்த வேலையோ மற்றவர்களின் கருத்தைப் படிப்பது.

எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலை பல ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்துவிட்டு ஒருநாள் கேளிக்கைப் பூங்காவாகத் திறந்தது. ஆலையை வைத்திருந்த உர்கியோலா குடும்பம்தான் பூங்காவையும் வைத்திருக்கிறது. கரும்பு ஏற்றிய குட்டி ரயில் இப்போது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறது. அரிசிக் கிடங்கு திரையரங்கானது. எங்கள் வட்டாரத்தின் வரலாறு என்று சொல்லி அங்கே 'இனிப்பின் நூறாண்டு' என்ற படம் ஓடுகிறது. இருபத்திரண்டு நிமிடம், நாளுக்கு எட்டுக் காட்சி. கரும்பு வெட்டும்போது வெல்லப்பாகு மணக்கும், ரயில் ஓடும்போது நாற்காலி ஆடும், புயல் வரும்போது முகத்தில் தண்ணீர் தெறிக்கும்.

அந்தப் புயல்தான் படத்தின் உச்சம். 'அந்தக் கொடிய ஆண்டில் புயல் இந்தக் கிடங்கின் கதவைத் தாக்கியது. ஒன்பது உழைப்பாளர்களை இழந்தோம்' என்று ஒரு கனத்த குரல் சொல்லும். பிறகு வயலின்.

வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் எண் அச்சிட்ட சீட்டு ஒன்று தருவார்கள். அதில் சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழுத முகம் என்று மூன்று முகங்கள். பிடித்ததை வட்டமிட வேண்டும். கருத்து எழுத நாலு கோடு உண்டு. கீழே கிழிக்கும் துண்டு இரண்டு. ஒன்றில் பெயர், ஊர், வயது, கைபேசி எண் எழுதிப் பூட்டிய உருளைக்குள் போட வேண்டும். வெறும் எண் மட்டும் உள்ள மற்றதைக் கையோடு கொண்டுபோகலாம். ஆண்டுவிழாவில் அந்த மாதத்துத் துண்டுகளை வைத்துக் குலுக்கல் நடக்கும். இருபது பேருக்கு ஆளுக்கொரு மூட்டை அரிசி.

எங்கள் ஊர்க்காரர்கள் கருத்தில் பொய் எழுதுவார்கள். குலுக்கல் துண்டில் எழுத மாட்டார்கள். பெயர் பிழையானால் மூட்டை கைக்கு வராதே!

சீட்டுகளை முகவாரியாகக் கட்டுகளாகப் பிரித்து, எண்வாரியாகத் தட்டச்சு செய்து, வெள்ளிக்கிழமை உர்கியோலாக்களின் பெரிய வீட்டுக்கு அனுப்புவது சோலிங்கின் பொறுப்பு. 'பாகு வாசனை அருமை, ஆனால் புதுச் சட்டை நனைந்துவிட்டது.' 'நாற்காலி ஆடியதில் மாமியாரின் பல்செட் விழுந்தது. நன்றி.' 'கழிப்பறை எங்கே?' இப்படி ஆயிரக்கணக்கில். படித்துப் படித்து அவளுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பதையும் அவள் வாயை மூடிக்கொண்டுதான் செய்வாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சீட்டு வந்தது. 'ஒன்பது பேருக்கும் பெயர் இல்லையா?' அவ்வளவுதான். அதையும் மற்றவற்றைப் போலவே தட்டச்சு செய்து அனுப்பினாள். பெரிய வீட்டிலிருந்து அந்த எண்ணுக்குரிய துண்டைக் கேட்டார்கள். மேலாளர் உருளையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். எழுதியவர் கிரிசாந்தோ வாத்தியார். மூன்று வாரத்தில் பாலத்தருகே அவர் படத்தோடு ஒரு பேனர் தொங்கியது: 'நாட்டின் எதிரி.' அடுத்த மாதம் பள்ளிக்குப் போகும் வழியில் அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டும் கிடைத்தது.

யார் செய்தார்கள் என்று ஊரில் எவரும் கேட்கவில்லை. திரையரங்கக் கதவில் ஆவி நடமாடுகிறது என்று காவலாளிகள் உப்புத் தூவினார்கள். சோலிங்குக்கு ஆவியிடம் பயமில்லை. செத்தவர்கள் யாரும் பட்டியல் கேட்டதில்லை. எங்கள் ஊர்ப் பயத்துக்கு முகவரி உண்டு, சம்பளம் உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு. வண்டியில் எண் பலகை மட்டும் இருக்காது.

இந்த ஆண்டுவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை நாலாவது காட்சி முடிந்ததும், டார்ச் பிடித்து இடம் காட்டும் ஜெப் ஓடிவந்தான்.

"மனாங், கேட்டீங்களா? ஆறாவது வரிசைல ஒரு கிழவன். புயல்ல தண்ணி தெளிச்சதும் எழுந்து நின்னு 'பொய்!'னு ஒரே கத்து. பள்ளிக்கூடப் பிள்ளைங்க அதுவும் படத்துல வருதுன்னு நெனச்சுக் கைதட்டுதுங்க!"

மூத்தவளை மனாங் என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவார்கள்.

"கத்தினா கத்திட்டுப் போறாரு. நீ யார்கிட்டயும் சொல்லிக்காதே, ஜெப்."

"சார்கிட்ட சொல்லிட்டேனே."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரேன், இரு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கால் மணி நேரத்தில் மேலாளர் நெஸ்தோர் கதவில் வந்து சாய்ந்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களை வைத்துத்தான் இந்த வேலைகள் நடக்கின்றன.

"மனாங், அந்தக் கிழவன் சீட்டு வேணும். அழுமூஞ்சிக் கட்டுல பாருங்க. பெரிய வீட்டுல கேக்குறாங்க."

"எதுக்கு சார்?"

பதினொரு ஆண்டு வேலையில் அவள் கேட்ட முதல் 'எதுக்கு' அது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்குன்னு நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க. எனக்கு மூணு பிள்ளைங்க."

அழுத முகக் கட்டில் அது இல்லை. சும்மா முகத்திலும் இல்லை. மூன்று மணிக்குச் சிரித்த முகக் கட்டில் கிடைத்தது. எண் 3318. சிரித்த முகத்துக்குத்தான் அரிசி விழும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கிழவர் அதற்காக வட்டமிட்டிருக்க வேண்டும்.

'ரயில் அப்படியே இருக்கிறது, சந்தோஷம். ஆனால் அன்று புயல் இல்லை. கொடியில் காயப்போட்ட துணி அசையக்கூட இல்லை. ஆலை ஓடாத மாதம். அரிசி கேட்டு இந்தக் கதவுக்கு வந்தோம். உள்ளே இருந்து சுட்டார்கள்.' அதன்பின் நாலு கோடும் போதாமல், ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, எறும்பு வரிசை போல ஒன்பது பெயர்கள்.

சோலிங் பெயர்களை இரண்டு முறை படித்தாள். அது நடந்தபோது அவளுக்கு ஆறு வயது. ஆலை ஓடாத மாதங்களில் விஷக்கிழங்கை மூன்று நாள் ஓடும் தண்ணீரில் போட்டுவைத்துத் தின்ற காலம். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. அம்மா வந்து அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "இடி" என்றாள் அம்மா. சோலிங் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தாள். மேகம் இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், மேகமில்லாமல் இடிக்காது என்று. தெரிந்ததை நாற்பது ஆண்டுகள் விழுங்கி வைத்திருந்தாள். ஊரே வைத்திருந்தது.

சீட்டை மடித்துக் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பின்னால் செருகினாள். பட்டியலில் 3318க்கு நேரே 'மிக நன்று' என்று தட்டினாள். மேலாளரிடம் போனாள்.

"கிடைக்கல, சார். கத்துறவங்க எழுதுறதில்ல போல."

நெஸ்தோர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. கிடைக்கலைன்னு சொல்லிடறேன்." மேசை இழுப்பறையைச் சாத்தினார். "கிடைக்காமலே இருக்கட்டும்."

துண்டு மட்டும் உருளைக்குள் இருந்தது. அது குலுக்கலில் விழுந்தால் கிழவர் மேடைக்கு வருவார், ஜெப் அடையாளம் காட்டிவிடுவான். இரண்டு பூட்டுகள், ஒரு சாவி மேலாளரிடம், மற்றது பூங்காவின் காவல் தலைவனிடம். அவள் கணக்குப் போட்டாள். நாலாயிரம் துண்டு, இருபது மூட்டை. இருநூறில் ஒன்று. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த ஐந்து நாளும் வீட்டுக்குப் போகும்போது எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கடை வாசலில் ஒதுங்கினாள். குளித்தபோதும் அந்த அட்டையைக் கழற்றவில்லை. எரித்துவிடலாம் என்று இரண்டு முறை அடுப்பருகே போனாள். ஒன்பது பேரையும் இன்னொரு முறை சாகடிக்க அவளுக்குக் கை வரவில்லை.

ஞாயிறு மாலை கிடங்கின் முன்னால் மேடை. அறுநூறு பேர். அடுப்பில் பன்றி வெந்துகொண்டிருந்தது. குலுக்கலில் ஒரு வழக்கம்: வென்றவரின் கருத்தை ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும். படிப்பவள் சோலிங். பெயர் பெயராக வந்தது. 'பாகு வாசனை அருமை.' கைதட்டல். 'குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்.' கைதட்டல். பத்தொன்பது மூட்டையும் போயின. பயந்த எண் வரவில்லை. அவள் மூச்சு விட்டாள்.

"இருபதாவது மூட்டை குலுக்கலுக்கு இல்லை!" என்றார் நிகழ்ச்சி நடத்துபவர். "வருஷா வருஷம் போல, வந்திருக்கிறவங்கள்ல மூத்தவருக்கு! எண்பது தாண்டின இளைஞர்கள் யாருப்பா?"

அவள் மறந்தே போயிருந்தாள். எல்லாக் கணக்கும் போட்டவள் எங்கள் ஊர் மரியாதையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வெளுத்த சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. கையில் கசங்காமல் ஒரு துண்டு.

"எண்பத்தி நாலு. எப்பிஃபானியோ. மேல்மலைக்காரன்."

"தாத்தா, பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கீங்க!"

"பாத்துட்டேன். ஒருத்திக்கும் பல்லு இல்ல."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மேடையோரத்தில் நின்ற ஜெப்பின் வாய் பிளந்தது. அவன் காவல் தலைவனின் சட்டையைப் பிடித்து இழுப்பதை சோலிங் பார்த்தாள். காவல் தலைவன் கைபேசியைக் காதில் வைத்தான். அதற்குள் நிகழ்ச்சி நடத்துபவர் கிழவரை மேடையேற்றித் துண்டை வாங்கிப் பார்த்தார்.

"நம்பர் மூவாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு! தாத்தா என்ன சொல்றார்னு கேப்போமா?"

சோலிங் பட்டியலைப் பிடித்தாள். 3318ஐத் தேடினாள். "மிக நன்று" என்று படித்தாள்.

கைதட்டல் எழுந்தது. கிழவர் தட்டவில்லை. அவள் பக்கம் திரும்பினார். கோபமில்லை. ஏமாந்துபோன முகம்.

"அது என்னோடது இல்லை, இந்தாய்."

இந்தாய் என்பது மகளைக் கூப்பிடும் சொல். அவளை அப்படிக் கூப்பிட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் ஒலிவாங்கியைக் கையால் மூடினாள்.

"தாத்தா, படிச்சா உங்க உயிருக்கு ஆபத்து. பேசாம மூட்டையை வாங்கிட்டுப் போயிடுங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"நீ ஒளிச்சு வெச்சியா?"

"ஆமா."

"எரிச்சுடலியே?"

"இல்லை."

"அப்போ படி. படிக்கிறதுக்குத்தானே எழுதினேன்? நாலு கோடு விட்டிருந்தீங்க, எழுதினேன்."

கீழே நெஸ்தோர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். இது வீரக் கதை அல்ல. சோலிங்கின் சீருடைப் பாவாடையின் விளிம்பு ஆடியதை முன்வரிசை பார்த்தது. அடையாள அட்டையின் பின்னாலிருந்து சீட்டை எடுத்தாள். வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்திருந்தது.

படித்தாள். ரயில் சந்தோஷம். துணி அசையவில்லை. அரிசி கேட்டு வந்தோம். உள்ளே இருந்து சுட்டார்கள். பிறகு பெயர்கள். ஆறாவது பெயரில் ஒலிபெருக்கி செத்தது. யாரோ கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். ஏழாவதை வெறும் குரலில் சொன்னாள். அறுநூறு பேரும் மெல்லுவதைக்கூட நிறுத்தியிருந்ததால் அது கடைசிவரை கேட்டது. எட்டாவது இடத்தில் மடிப்பு கிழிந்து எழுத்து போயிருந்தது. அவள் தடுமாறினாள்.

"ஃபெலிசிதாஸ் ஒண்டோய்" என்றது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் குரல். "எங்கம்மா."

சோலிங் ஒன்பதாவதையும் படித்தாள். சீட்டு முடிந்தது. அவள் அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"எனக்கு அப்ப ஆறு வயசு" என்றாள். "வாசல்ல நின்னேன். இடின்னு சொன்னாங்க. நான் மேல பாத்தேன். மேகம் இல்லை."

பட்டியலை மேடையில் வைத்தாள். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். நெஸ்தோர் அதை எடுக்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. எங்கள் ஊருக்கு அதற்குரிய பழக்கம் இல்லை.

வாசலில் வரிசையாக நின்ற முச்சக்கர வண்டிகளில் முதலாவதில் கிழவரை ஏற்றினார்கள். மூட்டையை அவர் காலருகே தள்ளினார்கள். சோலிங்கும் ஏறினாள், தன் வீட்டுக்கு அன்று தனியாகப் போக அவளால் முடியாது.

"மேல்மலைக்கா?" என்றான் ஓட்டுபவன். "பாலம் வழியாத்தான் போகணும், மனாங்." சாவியைத் திருப்பவில்லை. பிறகு திரும்பி மற்ற ஓட்டுநர்களைப் பார்த்துக் கத்தினான். "டேய், தாத்தாவுக்கு மூட்டை கனம் தாங்கலையாம். கூட வாங்கடா!"

"ஒரு மூட்டைக்கு எத்தனை வண்டிடா?"

"இருக்கிற வண்டியெல்லாம்!"

எட்டாவது பெயரைச் சொன்ன பெண் இரண்டாவது வண்டியில் ஏறினாள். பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஆசிரியை ஒருத்தி மூன்றாவதில். அதற்குப் பின்னால் யார் யாரோ. ஏறாமல் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனவர்களே அதிகம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாற்பது ஆண்டு நானும் அவர்களில் ஒருவன்.

பாலத்தில் பொழுது சாய்ந்திருந்தது. கிரிசாந்தோ வாத்தியாரின் பேனர் தொங்கிய அதே கம்பத்தடியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள். எண் பலகை இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. கிழவர் மூட்டையின் வாயைக் கொஞ்சம் பிரித்து, நாலு அரிசிமணி எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"அரிசி நல்ல அரிசிதான்" என்றார்.

சோலிங்கும் கிழவரும் இருந்த வண்டி கடந்தது. அடுத்தது கடந்தது. தலைக்கவசங்கள் இரண்டும் ஒவ்வொரு வண்டிக்கும் திரும்பின. எண்ணுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பி எண்ணினாள். ஏழு. எட்டு. ஒன்பது. வளைவுக்கு அப்பால் இன்னும் விளக்குகள் வந்துகொண்டிருந்தன.