பதவி வந்ததும் பறித்த குரல்

செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துக் குரு சென்னையில் டப்பிங் பேசுகிறவன். வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்றில் போர்விமானம் ஓட்டும் போக்கிரி ஜோரனுக்கு அவன்தான் தமிழ்க் குரல். ஜோரன் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், எதிரியின் விமானத்தையே திருடிக்கொண்டு பறப்பான். குரு அவனுக்கு எங்கள் செஞ்சிப் பேச்சில் பேசியதற்காகவே தொடரைப் பார்த்தவர்கள் உண்டு.

புதிய சீசனில் ஜோரன் தளபதியாகிறான். உடனே குரலை மாற்றிவிட்டார்கள்.

"தளபதிக்குக் கௌரவமான தமிழ் வேணும் தம்பி. நீ அடியாளுக்குப் பேசு" என்றார் டப்பிங் இயக்குநர்.

"திருடுற வரைக்கும் எங்க பேச்சு, பதவி வந்தா வேற பேச்சா சார்? அவன் வூட்டுக்குப் போனா அம்மாகிட்ட எதுல பேசுவான்?"

மூலத் தொடரில் ஜோரனின் பேச்சு மாறவே இல்லை என்பது இயக்குநருக்கும் தெரியும். குரு அடியாள் வேடத்தை மறுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினான்.

தளபதியின் முதல் உத்தரவு ஒளிபரப்பானபோது நானும் அவன் வீட்டில் இருந்தேன். அவன் அம்மா டிவியின் சத்தத்தை நிறுத்தினார்.

"யாரோ பேசறான். நீ சொல்லுடா."

குரு திரையைப் பார்த்து அந்த உத்தரவைச் சொன்னான்: "எல்லாரும் கெளம்புங்க. நம்ம ஆளு ஒருத்தனக்கூட வுட்டுட்டுப் போவக்கூடாது."

இதில் எந்தச் சொல்லுக்குக் கௌரவம் குறைவு என்று அவர்கள் சொல்லட்டும்.